மூளை வரைபடத்தில் இடமும் வலமும்: எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

பொதுவில் கிடைக்கும் ஒரு தரவுத்தொகுப்பிலிருந்து சில நூறு பேரின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களை எடுத்து, மூளைப் புறணியின், அதாவது மூளையின் மடிப்பு மடிப்பான வெளிப்படலத்தின், தடிமனை வரைபடமாக்கி வைத்திருக்கிறீர்கள். அந்த வரைபடத்தில் இருக்கும் ஒழுங்கை எண்ணால் சொல்வது எப்படி, இடது அரைக்கோளத்துக்கும் வலது அரைக்கோளத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் ‘இடது மூளைக்காரர்கள்’ என்கிறார்களே, அது இதில் தெரியுமா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்குப் பதில் சிறியது, பிறகு வருகிறேன். முதல் இரண்டுக்கும் சூத்திரங்களுக்குப் பஞ்சமே இல்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் வழுக்கி விழுகின்றன.

இட வல வேறுபாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். பேச்சிழந்த நோயாளிகளை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, நாம் பேசுவது இடது அரைக்கோளத்தைக் கொண்டுதான் என்று 1865-இல் எழுதினார். அது மூளையில் ஏற்பட்ட சேதத்தை வைத்துச் செய்த முடிவு. சேதமில்லாத மூளையின் உருவத்திலேயே அந்த வேறுபாட்டைப் பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு, நம்பத்தகுந்த எண்கள் வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1968-இல் நார்மன் கெஷ்விண்ட், வால்டர் லெவிட்ஸ்கி இருவரும் இறந்தவர்களின் 100 மூளைகளில் ஒரு சிறு பகுதியை மட்டும் அளந்தார்கள். பொட்டுக் கதுப்பின் (காதையொட்டிய மூளைப் பகுதியின்) மேற்பரப்பில், கேட்டல் புறணிக்குப் பின்னால், பிளானம் டெம்பொராலே என்றொரு முக்கோணத் திட்டு இருக்கிறது. 65 மூளைகளில் அது இடப்பக்கம் பெரிதாக இருந்தது. 11-இல் வலப்பக்கம் பெரிது. மீதி 24-இல் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதன் வெளி விளிம்பின் சராசரி நீளம் இடப்பக்கம் 3.6 செ.மீ., வலப்பக்கம் 2.7 செ.மீ.

இந்த இரண்டு எண்களை வைத்தே சமச்சீரின்மைக் குறியெண்ணைப் போட்டுப் பாருங்கள். இடதிலிருந்து வலதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.9-ஐ 6.3-ஆல் வகுத்ததாகிறது: 0.14. வேறு சிலர் கூட்டுத்தொகைக்குப் பதிலாக இரண்டின் சராசரியால் வகுப்பார்கள்: 0.29. மூளைகள் அவையேதான். இன்னும் சிலர் வலதிலிருந்து இடதைக் கழிப்பார்கள். அப்போது குறியும் மாறிவிடும். இரண்டு கட்டுரைகளின் குறியெண்களை அடுத்தடுத்து வைத்துப் பேசும் முன், எதால் வகுத்திருக்கிறார்கள் என்று பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். அலுப்பான வேலைதான், ஆனாலும் முதல் வேலை இதுவே.

ஏன் வகுக்கிறோம்? பெரிய தலை உள்ளவருக்கு எல்லாப் பகுதியும் பெரிது. வகுத்தால் அந்த விளைவு அடங்கும். அளவு எப்போதும் நேர் எண்ணாக இருக்கும்வரை இது சரி. தடிமன், பரப்பு, கன அளவு ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மூளை வேலை செய்யும்போது எந்தப் பகுதி எவ்வளவு செயல்படுகிறது என்று காட்டும் செயல்சார் எம்.ஆர்.ஐ.யில் வரும் எண்கள் அப்படியல்ல. ஒரு பகுதியின் செயல்பாடு குறைந்தால் எதிர்மறை எண் வரும். இடது 3, வலது -2 என்றால் வேறுபாடு 5, கூட்டுத்தொகை 1, குறியெண் 5. -1 முதல் +1 வரைதான் இருக்க வேண்டிய எண் அது! வலது -3 ஆக இருந்திருந்தால் பூஜ்யத்தால் வகுத்திருப்போம். இத்தகைய தரவில் வகுக்காமல் வெறும் வேறுபாட்டையே வைத்துக்கொண்டு, இடது வலது இரண்டின் மதிப்புகளையும் தனித்தனியே காட்டிவிடுவதே நேர்மை.

செயல்சார் படங்களில் இன்னொரு வலையும் உண்டு. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் செயல்பட்ட வோக்சல்களை (முப்பரிமாணப் படத்தின் சிறு கட்டங்களை) இருபுறமும் எண்ணிக் குறியெண் போடுவது பழைய வழக்கம். வரம்பை உயர்த்த உயர்த்த, பலவீனமான பக்கத்தின் வோக்சல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போகும். குறியெண் தானாகவே 1-ஐ நோக்கி ஏறும். எவ்வளவு இடச்சாய்வு வேண்டுமோ அவ்வளவுக்கு ஒரு வரம்பு கிடைத்துவிடும். ஆகவே ஒரே வரம்பில் எடுத்த ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை. பல வரம்புகளில் குறியெண் எப்படி நகர்கிறது என்ற வளைகோட்டைப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

சூத்திரத்தைவிடக் கடினமானது ‘அதே இடம்’ எது என்று முடிவு செய்வது. பிளானம் டெம்பொராலேவுக்கே திரும்புவோம். அதன் பின் எல்லையில், மூளையின் பக்கவாட்டில் ஓடும் ஆழமான சில்வியன் பிளவு மேல்நோக்கி வளைகிறது. வலப்பக்கத்தில் அந்த வளைவு பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும். மேலே ஏறும் அந்தச் சுவரையும் திட்டோடு சேர்ப்பதா, வளைவு தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுவதா? சேர்த்தால் இட வல வேறுபாடு சுருங்கும்; நிறுத்தினால் விரியும். இந்த எல்லை விவகாரத்தில் உடற்கூறியலாளர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள். மூளை ஒன்றைச் சொல்ல, கோடு போட்டவர் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்கிறார். வெளிவரும் எண்ணில் இரண்டும் கலந்திருக்கின்றன.

கணினி கோடு போட்டால் இது தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மனித மூளை நடுக்கோட்டைச் சுற்றிச் சற்றே முறுக்கியிருக்கிறது: வலது நெற்றிப்பகுதி கொஞ்சம் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், இடது பின்பகுதி கொஞ்சம் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும். யாகோவ்லெவ் முறுக்கம் என்று இதற்குப் பெயர். எல்லாருடைய ஸ்கேன்களையும் ஒரே சட்டத்தில் பொருத்தப் பலரும் பயன்படுத்தும் எம்.என்.ஐ.152 மாதிரி மூளை, பெயர் சொல்வதுபோல 152 பேரின் ஸ்கேன்களைச் சராசரியாக்கிச் செய்தது. அதன் வழக்கமான வடிவத்தில் இந்த முறுக்கம் அப்படியே இருக்கிறது. அந்த வடிவத்தில் படத்தை இட வலமாகத் திருப்பிக் கழித்தால், ஒரு பக்கத்து மேட்டிலிருந்து மறு பக்கத்துப் பள்ளத்தைக் கழித்திருப்பீர்கள். அதே மாதிரியின் சமச்சீர் வடிவமும் கிடைக்கிறது, அதை எடுங்கள். அதைவிட நல்லது, புறணியைப் பரப்பாகவே கையாள்வது. ஃப்ரீசர்ஃபர் மென்பொருளில் இரண்டு அரைக்கோளங்களையும் பொதுவான ஒரே உருண்டையில் பொருத்தும் வசதி இருக்கிறது. மடிப்புகளை மடிப்புகளோடு பொருத்திய பிறகு கழித்தால், இடப்பெயர்ச்சியைத் தடிமன் வேறுபாடாக எண்ணி ஏமாறும் வாய்ப்பு குறையும். முழுக்கப் போகாது, மடிப்பு ஒத்துப்போனால் செயல்பாடும் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் இல்லை.

இடம் வலம் மாறிப்போவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சிரித்தாலும் பரவாயில்லை. கதிரியக்க மருத்துவர்கள் நோயாளியை எதிரில் நின்று பார்ப்பதுபோல் படத்தை வைப்பார்கள். நோயாளியின் வலது, திரையின் இடதில் வரும். நரம்பியல் ஆய்வாளர்கள் பலர் நேர்மாறாக வைப்பார்கள். பழைய கோப்பு வடிவங்களில் எது எந்தப் பக்கம் என்ற குறிப்பு நம்பும்படியாக இருக்காது. இப்போது புழங்கும் நிஃப்டி என்ற கோப்பு வடிவத்தில் அதற்கென இடம் உண்டு. ஆனாலும் ஸ்கேன் எடுக்கும்போது தலையின் வலப்பக்கத்தில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவைக்கும் ஆய்வகங்கள் உள்ளன. எண்ணெய் நிறைந்த அந்த மாத்திரை படத்தில் பளிச்சென்று தெரியும். பிறகு விவாதத்துக்கு இடமில்லை.

உங்கள் செய்முறை சரியா என்று சோதிக்க ஒரு எளிய வழி: எல்லா ஸ்கேன்களையும் இட வலமாகத் திருப்பி, முதல் படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். குறியெண்ணின் அளவு மாறாமல் குறி மட்டும் மாற வேண்டும். +0.05 வந்த இடத்தில் -0.05 வராமல் -0.02 வந்தால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 0.015. அந்த 0.015 மென்பொருள் தானாகச் சேர்த்த சாய்வு.

இனி, ஒருவருடைய எண்ணிலிருந்து கூட்டத்துக்குப் போவோம். சராசரிக் குறியெண் பூஜ்யம் என்று வந்தால் ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதிவிடுவது பெருந்தவறு. லே வான் வேலன் என்ற உயிரியலாளர் 1962-இல் சமச்சீரின்மையை மூன்றாகப் பிரித்தார். பெரும்பாலோர் ஒரே பக்கம் சாய்வது முதல் வகை, பேச்சு அப்படி. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தாலும், எந்தப் பக்கம் என்பது ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருப்பது இரண்டாவது. பிடில் நண்டுகளின் பல இனங்களில் ஆண் நண்டின் பெரிய கொடுக்கு அப்படித்தான், பாதிக்கு வலம், பாதிக்கு இடம். எந்தப் பக்கமும் சாயாமல் பூஜ்யத்தைச் சுற்றிச் சிறிது சிறிதாக ஊசலாடுவது மூன்றாவது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சராசரி பூஜ்யம்தான். பரவலின் வடிவம் முற்றிலும் வேறு. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் குறியெண்களின் பரவலை வரைந்து, ஒரு மேடா இரண்டு மேடா என்று கண்ணால் பாருங்கள்.

முதல் வகையிலும் விதிவிலக்குகள் ஏராளம். 2000-இல் வெளியான க்னெஹ்ட் குழுவினரின் ஆய்வு 326 நலமுள்ளவர்களிடம் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் வழியாக மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தை அளந்து, மொழி எந்தப் பக்கம் என்று பார்த்தது. உறுதியான வலக்கைக்காரர்களில் 4 விழுக்காட்டினருக்கும், உறுதியான இடக்கைக்காரர்களில் 27 விழுக்காட்டினருக்கும் மொழி வலப்பக்கத்தில் இருந்தது. இடக்கைக்காரர்களிலும் பெரும்பான்மையோருக்கு மொழி இடப்பக்கமே என்பதைக் கவனியுங்கள். கையை வைத்து மூளையின் பக்கத்தை ஊகிப்பது எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இது போதும்.

பலரும் கண்டுகொள்ளாத சிக்கல் ஒன்று இருக்கிறது. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். இரண்டு நல்ல அளவைகளின் வேறுபாடு, நல்ல அளவையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பகுதியின் இடது தடிமனை மறுநாள் மீண்டும் அளந்தால் நம்பகம் 0.9 என்று வைத்துக்கொள்வோம், வலதுக்கும் 0.9. நல்ல அளவைகள்தான். இடது தடித்திருப்பவருக்கு வலதும் தடித்திருக்கும். இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு 0.8 என்க. வேறுபாட்டின் நம்பகம் எவ்வளவு? 0.9-இலிருந்து 0.8-ஐக் கழித்து, 1-இலிருந்து 0.8-ஐக் கழித்து வந்ததால் வகுக்க வேண்டும்: 0.1-ஐ 0.2-ஆல் வகுத்தால் 0.5. ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் பாதி வெறும் பிழை. இரு பக்கத்துக்கும் பொதுவாக இருந்த உண்மையைக் கழித்துவிட்டோம். பிழை மட்டும் இருபுறத்திலிருந்தும் வந்து சேர்ந்துகொண்டது. 40 பேரை வைத்து, இந்தக் குறியெண்ணுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கண்டோம் என்று வரும் கட்டுரைகளை நான் ஏன் தள்ளி வைக்கிறேன் என்பது இப்போது புரியும்.

பெரிய எண்ணிக்கை என்ன காட்டுகிறது? எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 99 தரவுத்தொகுப்புகளிலிருந்து 17,141 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. புறணி, முன்பகுதியில் சராசரியாக இடப்பக்கம் தடித்தும், பின்பகுதியில் வலப்பக்கம் தடித்தும் இருந்தது. வேறுபாடுகள் சிறியவை, ஆனால் திரும்பத் திரும்ப வருபவை. இடக்கை வலக்கைப் பழக்கத்தோடு அதில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. பிறகு யு.கே. பயோபேங்க் என்ற பிரிட்டிஷ் உடல்நலத் தரவுத்தொகுப்பில், 3,062 இடக்கைக்காரர்கள் உட்பட 31,864 பேரை வைத்து 2021-இல் பார்த்தபோது, சில பகுதிகளில் மெல்லிய தொடர்பு தெரிந்தது. பதினேழாயிரம் பேரில் தெரியாதது முப்பதாயிரம் பேரில்தான் தலைகாட்டுகிறது என்றால், விளைவின் அளவை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

வரைபடம் முழுவதிலும் சமச்சீரின்மை இருக்கிறதா என்று சோதிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. உண்மையில் வேறுபாடே இல்லையென்றால், ஒருவரின் ‘இடது’, ‘வலது’ பெயர்களை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. ஆகவே நாணயம் சுண்டுவதுபோல் ஒவ்வொருவருக்கும் குறியை மாற்றியோ மாற்றாமலோ ஆயிரக்கணக்கான போலித் தொகுப்புகளைச் செய்யுங்கள். ஒவ்வொரு போலித் தொகுப்பிலும் வரைபடம் முழுவதிலும் வரும் மிகப்பெரிய மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் உண்மை மதிப்பு அந்தப் பட்டியலின் உச்சிப் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதிப்பதால் வரும் தற்செயல் வெற்றிகளும் அதிலேயே வடிகட்டப்பட்டுவிடும்.

இனி ஒழுங்கு. இந்தச் சொல்லை ஆளுக்கொரு பொருளில் புழங்குகிறார்கள். இருப்பதிலேயே உறுதியானது பார்வைப் புறணியின் ஒழுங்கு. ரஷ்ய ஜப்பானியப் போரில் தலையில் குண்டு துளைத்துச் சென்றும் உயிர் பிழைத்த வீரர்களை, ததுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் ஆராய்ந்தார். குண்டு போன பாதையையும் பார்வையில் விழுந்த ஓட்டையையும் பொருத்திப் பார்த்து, பார்வைக் களத்தின் எந்தப் பகுதி பின்மூளையின் எந்த இடத்தில் பதிகிறது என்ற வரைபடத்தை 1909-இல் வெளியிட்டார். இன்று அதே வேலையை ஸ்கேனருக்குள் சுழலும் ஆப்பு வடிவத்தையும் விரியும் வளையத்தையும் காட்டிச் செய்கிறோம். பார்வையில் அருகருகே இருப்பவை புறணியிலும் அருகருகே இருக்கின்றனவா என்று நேரடியாகக் கணக்கிடலாம்; வரைபடம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும் கோட்டில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இங்கே ஒப்பிட வெளியுலகம் இருக்கிறது. தடிமன் வரைபடத்துக்கு அப்படி ஒரு வெளியுலகம் கிடையாது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

வெளியுலகம் இல்லாதபோது ஒழுங்கைத் தரவுக்குள்ளேயே தேடுகிறோம். எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற எண் அட்டவணையைச் சுருக்கி, பகுதிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசைப்படுத்தும் சில அச்சுகளாக்குவது இப்போது பரவலான முறை. டேனியல் மார்குலீஸ் குழுவினர் 2016-இல் இப்படிக் கண்ட முதன்மை அச்சின் ஒரு முனையில் பார்வை, தொடுகை, அசைவுப் பகுதிகள் இருந்தன. மறுமுனையில், வெளிவேலை எதுவும் இல்லாமல் சிந்தனையில் இருக்கும்போது சுறுசுறுப்பாகும் வலையமைப்பு இருந்தது. நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனியே அச்சுகளைக் கணக்கிட்டு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். கணிதப்படி அச்சின் குறி தன்னிச்சையானது. இடப்பக்கத்தில் +, வலப்பக்கத்தில் - என்று வந்தால் அது மூளையின் குணமல்ல. முதல் அச்சும் இரண்டாம் அச்சும் இடம் மாறியும் வரலாம். இரண்டையும் சுழற்றிப் பொருத்திய பின்தான் கழிக்க வேண்டும்.

வலையமைப்பைத் தொகுதிகளாகப் பிரித்து, பிரிவு எவ்வளவு தெளிவானது என்று சொல்லும் க்யூ என்ற எண்ணும் உண்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: முற்றிலும் தற்செயலாக இணைத்த வலையமைப்பிலும் க்யூ பூஜ்யத்துக்கு மேலேதான் வரும். ஒவ்வொரு முனையின் இணைப்பு எண்ணிக்கையையும் மாற்றாமல் கம்பிகளை மட்டும் கலைத்துப் போட்ட போலி வலையமைப்புகளின் க்யூவைப் பக்கத்தில் வைக்காமல் அதை வெளியிடாதீர்கள்.

அதே நோய்தான் இரண்டு வரைபடங்களை ஒப்பிடும்போதும். தடிமன் வரைபடமும், ஒரு மரபணு புறணியின் எந்த இடத்தில் எவ்வளவு செயல்படுகிறது என்ற வரைபடமும் ஒத்துப்போகின்றன என்று காட்ட, புள்ளிக்குப் புள்ளி ஒட்டுறவுக் கெழு எடுப்பார்கள். ஃப்ரீசர்ஃபரின் பொது மாதிரியில் ஓர் அரைக்கோளத்துக்கு 1,63,842 புள்ளிகள். அத்தனையையும் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் எந்தக் கெழுவும் பிரமாதமாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் மழையளவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுபோல, பக்கத்துப் புள்ளிகளின் மதிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். உண்மையான சாட்சிகள் மிகக் குறைவு. ஆரன் அலெக்சாண்டர்-ப்ளாக் குழுவினர் 2018-இல் முன்வைத்த சுழற்சிச் சோதனை இதற்கு நல்ல மருந்து. புறணியை உருண்டையாக்கி, ஒரு வரைபடத்தை ஆயிரம் தடவை தற்செயலாகச் சுழற்றி, ஒவ்வொரு தடவையும் கெழுவை எடுப்பது. வழவழப்பு அப்படியே இருக்கும், இடம் மட்டும் கலையும். இடது உருண்டையைச் சுழற்றிய அதே கோணத்தின் கண்ணாடிப் பிம்பத்தை வலதுக்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இட வலப் பொருத்தமும் சேர்ந்து கலைந்துபோகும். முன்பு சொன்ன குறிமாற்றச் சோதனையையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சமச்சீரின்மை இருக்கிறதா என்று கேட்கிறது. இது அந்த வரைபடம் இன்னொன்றைப் போல இருக்கிறதா என்று கேட்கிறது.

இந்த வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தொட்டுவிட்டுப் போகிறேன். பிளானம் டெம்பொராலேவின் சாய்வு பிறப்பதற்கு முன்பே தெரிகிறது. ஆகவே படிப்பும் எழுத்தும் அதை உண்டாக்கவில்லை. இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம் என்று உள்ளுறுப்புகள் முழுக்க இடம் மாறிப் பிறந்த மூவரை 1999-இல் ஆராய்ந்தபோது மூவருக்கும் மொழி இடப்பக்கமே இருந்தது. உடலின் பக்கத்தையும் மூளையின் பக்கத்தையும் ஒரே விசை திருப்புவதில்லை போலும். கருவிலேயே இதைத் தேட விரும்புபவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ‘தரணி’ உதவும்; கருக்களின் மூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

‘இடது மூளைக்காரர்’ விஷயம். இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டிய நோயாளிகளை ஆராய்ந்ததற்காக ரோஜர் ஸ்பெரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுகளைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியதில் பிறந்த கதை இது. 7 முதல் 29 வயதுள்ள 1,011 பேரின் ஸ்கேன்களை யூட்டா பல்கலைக்கழகக் குழு 2013-இல் ஆராய்ந்தது. மொழிசார் இணைப்புகள் இடப்பக்கமும் கவனம்சார் இணைப்புகள் வலப்பக்கமும் சாய்ந்திருந்தன. ஆனால் மூளை முழுவதும் ஒரு பக்கம் வலுத்த ஆட்கள் என்று ஒரு பிரிவினர் கிடைக்கவில்லை. உங்கள் தடிமன் வரைபடத்திலிருந்து ஒருவரின் கணக்குத் திறமையைச் சொல்ல முடியாது.

உங்கள் தரவுக்கு வருவோம். தொகுப்பில் சிலருக்காவது இரண்டாம் முறை ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், மூளை இணைப்புகளை வரைபடமாக்கும் ஹியூமன் கனெக்டோம் திட்டத்தின் தரவில் அப்படி ஒரு சிறு குழு உண்டு. அவர்களின் இரண்டு ஸ்கேன்களிலும் ஒவ்வொரு பகுதிக்கும் குறியெண் எடுத்து, இரண்டுக்கும் இடையே ஒட்டுறவைக் கணக்கிடுங்கள். 0.5-க்குக் கீழே வரும் பகுதிகளை எந்தத் தனிநபர் குணத்தோடும் இணைத்துப் பார்க்காதீர்கள். குழுச் சராசரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பகுதிகள் மிஞ்சுகின்றன என்று தெரிந்த பிறகு எழுதுங்கள், அடுத்த படியைப் பேசலாம்.